கொடி காத்த குமரன்

ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசர், தளகர்த்தர், கவர்னர், கலெக்டர் முதலியோர் பெயர்களை வரிசைப்படுத்திக் கூறுவதோடு அமைவர். அப்பெயர்களின் கீழே ஏர் பிடித்தும், தறி நெய்தும், வரி செலுத்தியும் வாழ்ந்த பல இலட்சம் மக்கள் பெயரின்றி மறைந்து போகின்றனர். எப்போதோ ஒருமுறை அக்கூட்டத்தினின்றும் ஒருவர் வெளிப்பட்டு, ஒரு நாட்பொழுதில் தாம் செய்த ஒரு செயலால் சரித்திரத்தில் நீங்காத இடம் பெறுகின்றார். திருப்பூர்க் குமரன் அத்தகையோருள் ஒருவர். அவர் பட்டம் பெற்றவரல்லர். பெரும் பதவி வகித்தவரல்லர். மேடையேறிப் பேர் பெற்றவருமல்லர். 27 வயதில் உயிர் துறந்த ஒரு நெசவாளர் மகன். ஆயினும் கொங்கு நாட்டில் எழுத்தறியாச் சிறுவனும் அவர் பெயரை அறிவான்.

இத்தகையார் வாழ்க்கையைத் தனித்து எடுத்து நோக்கின் அது ஒரு வீரக் கதையாக மட்டும் தோன்றும். அவர் பிறந்த நாடு நூற்று முப்பது ஆண்டுக் காலம் அந்நியர் ஆட்சியின்கீழ்ப் பட்ட பாட்டோடு சேர்த்து நோக்கினால்தான் அச்செயலின் முழுப் பொருளும் விளங்கும். ஆதலின் அவ்வரலாற்றை முதற்கண் சிறிது கூறுவாம்.

கம்பெனி ஆட்சியும் கொங்கு நாடும்

1799-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்து திப்பு சுல்தான் போர்க்களத்தில் மாண்டபின், மைசூராரிடம் இருந்த கோயமுத்தூர்ச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமாயிற்று. அம்மாற்றத்தை எல்லோரும் வாளாவிருந்து ஏற்றுக்கொண்டாரல்லர். காங்கேய நாட்டுத் தீரன் சின்னமலை போன்றோர் கம்பெனிப் படையை எதிர்த்து நின்றனர். 1805-ஆம் ஆண்டில் சங்ககிரிக் கோட்டையில் அவர் தூக்கிலிடப்பட்டதோடு கொங்கு நாட்டில் ஆயுதப் போர் ஓய்ந்தது.

அதன்பின் வந்த ஆட்சி வாளைக் காட்டிலும் கணக்குப் புத்தகத்தையே மிகுதியும் நம்பியது. நிலங்கள் அளக்கப்பட்டன, மண்ணின் தரம் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடியானவனும் தன் பெயரில் பட்டாப் பெற்று, நேரே சர்க்காருக்குக் கிஸ்து செலுத்தும் ரயத்வாரி முறை நாளடைவில் நிலைபெற்றது. இடைநின்று கொள்ளையடிக்கும் ஜமீன்தார் இல்லாமை இம்முறையின் நன்மை என்பர். அது ஓரளவு உண்மையே. ஆனால் கொங்கு நாடோ வானம் பார்த்த பூமி. நொய்யலும் அமராவதியும் பாயும் சில இடங்கள் நீங்கலாக, எஞ்சியன எல்லாம் கிணறு வெட்டிக் கவலை இறைத்துப் பயிர் செய்யும் மேட்டுக் காடுகள். மழை பொய்த்தாலும் கிஸ்து பொய்ப்பதில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை இராஜதானியை வாட்டிய பெரும் பஞ்சத்திற் கோயமுத்தூர் ஜில்லா பட்ட துன்பத்தை முதியோர் வழிவழியாகச் சொல்லிவந்தனர். ஆட்சி செய்பவன் கடலுக்கு அப்பால் இருக்க, அவன் கையை மட்டும் குடியானவன் தன் களத்து மேட்டில் ஆண்டுதோறும் கண்டான்.

நெசவாளன் கண்டது வேறொரு கை. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் நூற்ற நூலும் நெய்த துணியும் கப்பலேறி வந்து நம் சந்தைகளை நிறைத்தன. வீட்டுத் திண்ணைகளில் இராட்டையின் ஓசை குறைந்தது. கைத்தறிகள் முற்றும் அழிந்திலவேனும், தறிகாரன் நூலுக்குப் பிறர் கையை எதிர்பார்த்து, துணிக்குப் பிறர் சொன்ன விலையை ஏற்று, கடனிலே பிறந்து கடனிலே மறைபவன் ஆயினான்.

இதனிடையே 1862-ஆம் ஆண்டளவில் சென்னையினின்றும் மேல்கரை நோக்கிச் சென்ற இருப்புப்பாதை திருப்பூரைத் தொட்டது. அக்காலத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரினால் இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு கிட்டாமற் போகவே, இந்தியப் பருத்திக்குக் கிராக்கி மிகுந்தது. கரிசற் பூமியில் விளைந்த பருத்தியை வண்டிகள் கொணர்ந்து இறக்கும் சந்தையூராகத் திருப்பூர் வளர்ந்தது. 1888-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் முதல் நூற்பாலை தோன்றியது. திருப்பூரிற் பருத்தி அரைக்கும் தொழிற்சாலைகளும், மூட்டை கட்டும் அழுத்தகங்களும், தரகு மண்டிகளும் பெருகின. காட்டில் வெயிலிலே விளைந்த பஞ்சு ரயிலேறிக் கப்பலேறிச் சென்று, துணியாகத் திரும்பி, விளைவித்தவனுக்கே விற்கப்பட்டது. அந்நிய ஆட்சியின் தன்மையை விளக்க இதனினும் எளிய பாடம் வேறு வேண்டுவதில்லை.

பிறப்பும் இளமையும்

இத்தகைய நாட்டில், சென்னிமலை என்னும் ஊரில், 1904-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் குமாரசாமி என்னும் குழந்தை பிறந்தது. தந்தையார் நாச்சிமுத்து முதலியார். தாயார் கருப்பாயி அம்மாள். சென்னிமலை முருகன் குன்றேறி நிற்கும் பதி. ஆதலின் குமாரசாமி என்னும் பெயர் அவ்வூர்ப் பிள்ளைக்கு நன்கு பொருந்தியதே. குன்றின் அடியில் வாழ்ந்த மக்களிற் பலர் கைத்தறி நெசவினர். இன்றும் அவ்வூர்ப் போர்வைகளும் விரிப்புகளும் தமிழ்நாடெங்கும் பேர் பெற்றவை.

தறிக் குடும்பத்திற் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நெடுநாள் வாய்ப்பதில்லை. பாவு தோய்ப்பதற்கும், தார் சுற்றுவதற்கும், இழை அறுந்தால் முடிவதற்கும் சிறு கைகள் வேண்டும். வீட்டிலுள்ளோர் அனைவரும் உழைத்தாலன்றி ஒரு தறி ஒரு குடும்பத்தைக் காவாது. குமாரசாமியும் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் குலத்தொழிலில் இறங்கினார். 1923-ஆம் ஆண்டில், தமது 19-ஆம் வயதில், இராமாயி என்னும் மங்கையை மணந்தார்.

தறியின் வருவாய் குடும்பத்திற்குப் போதவில்லை. நூல் விலை ஏறுவதும் துணி விலை இறங்குவதும் தறிகாரன் கையில் இல்லை. இந்நிலையில் குமாரசாமி பிழைப்பை நாடித் திருப்பூருக்கு வந்து, பருத்தி அரைக்கும் தொழிற்சாலை ஒன்றிற் கணக்கெழுதும் குமாஸ்தா வேலையில் அமர்ந்தார். இம்மாற்றம் சிறிதென்று கருதற்க. சென்னிமலையில் நூல் எங்கிருந்து வருகின்றது என்பதை அறியாது நெய்தவர், திருப்பூரிற் பஞ்சு எங்குச் செல்கின்றது என்பதை நாள்தோறும் கணக்கில் எழுதினார். தொழிலின் இரு முனைகளையும் ஒருங்கே அறியும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. நெசவாளர் துயரம் விதியினால் வந்ததன்று என்பதை உணர்வதற்கு அவ்வாய்ப்பினும் சிறந்த கல்வி யாது?

திருப்பூரும் கதரும்

அவர் திருப்பூருக்கு வந்த காலம் அவ்வூர் புதியதோர் எழுச்சியால் நிறைந்திருந்த காலம். ஒத்துழையாமை இயக்கம் தோன்றிய 1920-ஆம் ஆண்டு முதற்கொண்டு தேசிய உணர்ச்சி நகரங்களினின்றும் கிராமங்களுக்குப் பரவத் தொடங்கியது. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் சட்டசபைகளை விரிவாக்கியதெனினும், வாக்குரிமை சொத்தும் வரியும் உடையார்க்கே அளிக்கப்பட்டமையால், குடியானவருள்ளும் தறிகாரருள்ளும் பெரும்பாலோர்க்கு அச்சபைகளின் கதவு அடைபட்டே இருந்தது. அவர்கள் அரசியலிற் புகுவதற்கு வேறொரு வாயில் வேண்டியிருந்தது. காந்தியடிகள் காட்டிய வாயில் இராட்டை.

ஈரோட்டில் ஈ. வெ. இராமசாமி கதர் மூட்டையைத் தோளிற் சுமந்து விற்றதும், கள்ளுக்கடை மறியல் நடத்தியதும் அந்நாளைய நிகழ்ச்சிகள். 1922-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மாகாண மகாநாடு திருப்பூரிலேயே கூடியது. 1925-ஆம் ஆண்டில் இராஜகோபாலாச்சாரியார் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்திற் காந்தி ஆசிரமம் நிறுவினார். அதே ஆண்டில் அகில இந்திய சர்க்கா சங்கம் தோன்றியது. அதன் தமிழ்நாட்டுக் கிளைக்குத் தலைமை நிலையம் திருப்பூரில் அமைந்தது.

அவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் பல. பருத்தி அருகே விளைந்தது. சுற்றியுள்ள சிற்றூர்களில் பெண்டிர் நூற்கும் வழக்கம் முற்றும் மறைந்திலது. நெய்வாரும் பலர் இருந்தனர். அனுப்புவதற்கு ரயிலும் உண்டு. கிராமப் பெண்கள் நூற்ற சிட்டங்கள் திருப்பூருக்கு வந்தன. அங்கிருந்து நெசவாளர் வீடுகளுக்குச் சென்று துணியாகித் திரும்பின. காந்தியடிகள் பன்முறை அவ்வூருக்கு வந்தனர். பஞ்சைக் கப்பலேற்றவென்று வளர்ந்த ஊர், பஞ்சைத் தன்னாட்டிலேயே நூலாக்கித் துணியாக்கும் இயக்கத்துக்குப் பாசறையாயிற்று. வெள்ளையர் வாணிகம் அமைத்த சந்தையே வெள்ளையர் வாணிகத்தை எதிர்க்கும் களமாக மாறியது சரித்திரத்தின் விந்தைகளுள் ஒன்று.

இவ்வெழுச்சி குமரனைப் பற்றிக்கொண்டது. கதர் உடுத்தார். திருப்பூர் இளைஞர் கூடி நடத்திய தேசபந்து வாலிபர் சங்கத்திற் சேர்ந்து, அதன் பணிகளில் முன்னின்றார். வங்கத் தலைவர் சித்தரஞ்சன தாசருக்கு மக்கள் அளித்த சிறப்புப் பெயரைத் தாங்கியது அச்சங்கம். பகலெல்லாம் தொழிற்சாலைக் கணக்கும், மாலையிற் சங்கப் பணியுமாக அவர் நாட்கள் கழிந்தன. குடும்பமோ வறியது, வேலை போயின் அடுப்பெரியாது. இத்தகைய நிலையிலுள்ளவர் சர்க்காருக்கு எதிரான இயக்கத்திற் சேர்வது, செல்வர் சேர்வதை ஒப்பதன்று. செல்வர் சிறை சென்றால் அவர் வீட்டுக்கு வருவாய் நிற்பதில்லை. குமாஸ்தா சிறை சென்றால் அன்றே உலை நிற்கும். இவ்வேறுபாட்டை மறந்து தியாகத்தை எடைபோடுதல் தகாது.

1930 முதல் 1932 வரை

1929-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றிய பொருளாதார மந்தம் உலகெங்கும் பரவியது. பருத்தியும் தானியமும் விலை குன்றின, கிஸ்து குன்றவில்லை. இவ்வருத்தத்தினிடையே 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தண்டியிற் காந்தியடிகளும், பின்னர் வேதாரணியத்தில் இராஜகோபாலாச்சாரியாரும் உப்புச் சட்டத்தை மீறினர். நாடெங்கும் மறியல்களும் ஊர்வலங்களும் நிகழ்ந்தன. 1931-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் காந்தி-இர்வின் உடன்படிக்கை ஏற்பட்டுச் சில மாதம் அமைதி நிலவியது.

அவ்வமைதிக் காலத்தில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் குறித்தல் வேண்டும். 1931-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் காங்கிரஸ் மகாசபையார் காவி, வெண்மை, பச்சை என்னும் மூவண்ணமும், வெண்பகுதியின் நடுவே நீல நிற இராட்டையும் அமைந்த கொடியைத் தங்கள் கொடியாக ஏற்றனர். கதர்த் துணியில் இராட்டைச் சின்னம் பொறித்த அக்கொடி, கல்வியாளர்க்கு ஒரு கொள்கையின் குறியாகத் தோன்றியிருக்கலாம். தறியிற் பிறந்து வளர்ந்தோர்க்கு அது தங்கள் வீட்டின் இழந்த செல்வத்தையே எடுத்துக் காட்டியது. நெசவாளர் கையின் வேலை நாட்டின் கொடி நடுவே இடம் பெற்றது எனலாம்.

இலண்டனில் நடந்த வட்டமேஜை மகாநாடு பயனின்றி முடிய, காந்தியடிகள் 1931 டிசம்பர் 28-ஆம் நாள் பம்பாய் வந்திறங்கினார். வைசிராய் வில்லிங்டன் பிரபு அவரைச் சந்திக்கவும் இசைந்திலர். 1932 ஜனவரி 4-ஆம் நாள் அடிகள் சிறைப்பட்டார். அன்றே நான்கு அவசரச் சட்டங்கள் பிறந்தன. காங்கிரஸ் சபைகள் சட்டவிரோதமானவை என்று விளம்பரம் செய்யப்பட்டன. கூட்டங்கள் தடுக்கப்பட்டன. மூவண்ணக் கொடியைக் கையிலேந்தி வீதியில் நடத்தலே குற்றமாகக் கருதப்பட்டது.

ஜனவரி 10

தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சிறைப்படவே, இயக்கத்தை நடத்தும் கடமை பெயரறியாத் தொண்டர்கள்மேல் வந்தது. 1932 ஜனவரி 10-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, திருப்பூரிற் பி. எஸ். சுந்தரம் அவர்கள் தலைமையில் ஒரு சிறு தொண்டர் படை தடையை மீறி ஊர்வலம் புறப்பட்டது. அதில் நடந்தோர் தொகை மிகச் சிறியதே. குமரனும் அவர்களுள் ஒருவராய்த் தேசியக் கொடியை ஏந்தி நடந்தார். அவர்களிடம் கொடியன்றி வேறு கருவி எதுவுமில்லை. எதிரே நிற்பவர் யாவர் என்பதும், தங்களுக்கு நேரப்போவது யாது என்பதும் அறியாமல் அவர்கள் புறப்பட்டாரல்லர். முந்திய ஈராண்டுகளில் நாடெங்கும் நிகழ்ந்த தடியடிகளை அவர்கள் நன்கறிவர்.

ஊர்வலம் போலீஸ் நிலையத்தை அணுகியபோது போலீசார் தடிகளோடு பாய்ந்தனர். தொண்டர் அனைவரும் கொடிய அடிபட்டனர். குமரனின் தலையில் விழுந்த அடி மண்டையோட்டைப் பிளந்தது. குருதி பெருக அவர் தரையில் வீழ்ந்தார். வீழ்ந்த பின்னும் கையிற் பற்றிய கொடியை விட்டாரல்லர். திருப்பி அடிக்கக் கையோங்கவுமில்லை. திரும்பி ஓட நினைக்கவுமில்லை. நினைவிழந்த அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். மறுநாள், ஜனவரி 11-ஆம் நாள், அவர் ஆவி பிரிந்தது. 27 ஆண்டும் மூன்று மாதமும் நிறைந்த வாழ்க்கை அவ்வாறு முடிந்தது. அந்நாள் முதல் கொடி காத்த குமரன் என்பது மக்கள் அவருக்கு இட்ட பெயராயிற்று.

ஒரு துணித் துண்டுக்காக உயிரை விடுதல் அறிவுடைமையாகுமோ என்று வினவுவாரும் உளர். அவ்வினா தள்ளத்தக்கதன்று, அதற்கு விடை கூறுதல் நம் கடமை. ஆட்சியாளர் அக்கொடியை வெறுந் துணியென்று கருதியிருப்பின் அதைப் பிடுங்கத் தடியெடுத்திருக்க வேண்டுவதில்லை. அது வெறுந் துணியன்று என்பதைக் குமரனைப் போலவே அவர்களும் அறிந்திருந்தனர். தன் வயலின் வரியை விதிப்பதிலும், தன் தறியின் விலையை வரையறுப்பதிலும், தன் நாட்டின் சட்டத்தை இயற்றுவதிலும் ஒரு சொல்லேனும் சொல்ல உரிமையில்லாத மக்கட்கு, நாங்களும் ஒரு நாட்டார் என்று உரைப்பதற்கு எஞ்சியிருந்த மொழி அக்கொடி ஒன்றே. அதைக் கீழே இடுதல் அவ்வுரையைத் திரும்பப் பெறுதலாகும். அதற்குக் குமரன் இசைந்திலர்.

அன்றியும், அவர் காத்தது கொடியை மட்டுமன்று. அடித்தவன்மேல் கை நீட்டாது நின்றமையால், தாம் மேற்கொண்ட அறத்தையும் காத்தனர். போரில் வீழ்பவனுக்கு வாளின் வெறியேனும் துணை நிற்கும். வெறுங்கையோடு நிற்பவனுக்குத் தன் உள்ளத்து உறுதியன்றி வேறு துணையில்லை.

பின் நிகழ்ந்தவை

வீரர் மறைவைப் பாடுவோர் அவர் வீட்டை மறந்து விடுதல் வழக்கம். குமரன் மறைந்தபோது இராமாயி அம்மையார் இளம் பருவத்தினர், மக்கட்பேறும் இல்லை. ஒன்பதாண்டு இல்லறத்தோடு அவர் வாழ்வின் பற்றுக்கோடு அற்றது. ஒரு நாள் ஒருவர் பட்ட அடியின் வலியைப் பல்லாண்டு மற்றொருவர் தாங்கினார். நாடு பெற்ற விடுதலையின் விலையைக் கணக்கிடுவோர் இத்தகைய அம்மையாரின் கண்ணீரையும் அக்கணக்கிற் சேர்த்தல் முறை.

குமரன் மறைந்து பதினைந்தாண்டுகளுக்குப்பின், 1947-ஆம் ஆண்டில் நாடு விடுதலை அடைந்தது. கொடியில் இராட்டையின் இடத்தை அசோகச் சக்கரம் பெற்றது. திருப்பூரும் மாறியது. 1920-களில் அங்குத் தோன்றிய பனியன் பின்னும் தொழில், பைக்காரா மின்சாரம் வந்தபின் 1930-களில் வளரத் தொடங்கி, பின்னாளில் உலகச் சந்தையை எட்டியது. கப்பலேறி வந்த துணியை மறுத்த ஊரிலிருந்து துணி கப்பலேறிப் பல நாடுகளுக்குச் செல்கின்றது. 2009-ஆம் ஆண்டில் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று. ஊரின் நடுவே குமரன் பெயரால் ஒரு பெருஞ்சாலை உண்டு. ரயில் நிலையத்தின் அருகே நினைவகமும் உண்டு. அவர் பிறந்த நூறாம் ஆண்டாகிய 2004-இல் இந்திய அரசினர் அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டனர்.

இவையெல்லாம் தக்க சிறப்புகளே. ஆயினும் சிலைக்கு மாலையிடுவதோடு நம் கடன் தீர்ந்ததென்று கருதுதல் பொருந்தாது. குமரன் எந்தத் தொழிலாளர் கூட்டத்திலிருந்து வந்தாரோ, அக்கூட்டம் இன்றும் அவ்வூரில் உள்ளது. தறிக்குழியில் இருந்தவர் இடத்திற் தையற்பொறியின் முன் இருப்பவர் வந்துளர். சென்னிமலையினின்றும் வந்தவர் இடத்தில் வட நாட்டினின்றும் ரயிலேறி வருவார் பலர் உளர். சாயக் கழிவினால் நொய்யல் நிறம் மாறி, குடியானவர் கிணறுகள் கெட்டு, 2011-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் சாயச் சாலைகளை மூடும்படி ஆணையிட நேர்ந்ததையும் நாம் அறிவோம். அந்நியன் கொண்டு சென்ற செல்வத்துக்காக வருந்தினோம். நம் கையாலேயே கெடுத்த ஆற்றுக்கு யாரை நோவது? தன் நாட்டின் பொருளைத் தன் நாட்டு மக்கள் நலத்துக்கே பயன்படுத்தல் என்பதே கதரின் உட்பொருள். அது கைக்கூடாதவரை குமரன் ஏந்திய கொடியின் வேலை முற்றுப்பெற்றதாகாது.

கல்லூரியிற் பயிலும் இளைஞர்க்கு இவ்வாழ்க்கை கூறுவது யாது? ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒருவர், தம் காலத்தின் மிகக் கடினமான வினாவுக்குத் தம் உயிரால் விடையெழுதினார். அவரினும் பன்மடங்கு கற்ற நாம், நம் காலத்தின் வினாக்களை அறிந்து கொள்ளவேனும் முயல வேண்டாவோ? எல்லோரும் உயிர் கொடுக்க வேண்டுமென்பதில்லை. அத்தகைய நாள் மீண்டும் வாராதிருத்தலே நன்று. ஆனால் தனக்கு இழப்பு வருமென்று அறிந்தும் நேரியதைப் பற்றி நிற்கும் தருணம் ஒவ்வொருவர் வாழ்விலும் சிலமுறை வரும். அலுவலகத்திலும், வாணிகத்திலும், ஊர்ப் பொதுவிலும் அது வரும்; அடிக்கும் தடி கண்ணுக்குப் புலப்படாது. அத்தருணத்திற் கைப்பிடி தளராதிருப்பவரே குமரன் வழி நின்றவராவர்.